ஜிம்னி, ஜிப்சி வண்டிகளில் சஸ்பென்ஷன் ஃப்ளெக்ஸைக் கூட்டுவதும் புஷ் மாற்றுவதும்

பெங்களூரில் மாருதி சுசுகியின் ஜிம்னியோ பழைய ஜிப்சியோ வைத்துக்கொண்டு, வார இறுதியில் ராமநகரம், கனகபுரா, கோலார் பக்கத்துப் பாறைத் தடங்களுக்குக் கிளம்பும் நம்மவர்களில் பலர், சக்கரம் ஒன்று அந்தரத்தில் தொங்கிச் சுழன்ற மறுநாளே வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட் என்ன விலை என்று விசாரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். உயரத்தைக் கூட்டினால் வண்டியின் அடிப்பாகம் பாறையில் இடிப்பது குறையும் என்பது உண்மைதான். ஆனால் சக்கரம் தரையை விட்டு எழும்புவதற்கு உயரக் குறைவு காரணமல்ல. இடவலச் சக்கரங்களை இணைக்கும் ஆக்சில் சாய்ந்துகொடுப்பதுதான் ஃப்ளெக்ஸ். அது சாய வேண்டிய அளவுக்குச் சாய முடியாதபடி ஏதோ ஒன்று பிடித்து வைத்திருப்பதே காரணம். அந்தப் பிடி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துத் தளர்த்துவதுதான் முதல் வேலை. ஓடித் தேய்ந்த வண்டிகளில் அது பெரும்பாலும் புஷ்களில், அதாவது சஸ்பென்ஷன் இணைப்புகளில் உள்ள ரப்பர் உருளைகளில், இருக்கிறது. புதிய புஷ் போட்ட வண்டிகளில், அவற்றின் போல்ட்டை எந்த நிலையில் வைத்து இறுக்கினார்கள் என்பதில் இருக்கிறது.

ஒரு முன்சக்கரம் பாறைமேல் ஏறும்போது எதிர்ப்பக்கச் சக்கரம் கீழிறங்கி மண்ணை அழுத்திக்கொண்டிருந்தால்தான் இரண்டுக்கும் பாரம் பகிரப்படும். பாரம் இல்லாத சக்கரத்துக்குப் பிடிமானமும் கிடையாது. இரு சக்கரங்களுக்கும் சக்தியைப் பகிரும் சாதாரண டிஃபரென்ஷியல், எந்தச் சக்கரம் எளிதாகச் சுழல்கிறதோ அதையே சுழலவிடும் என்பதால், ஒரு சக்கரம் எழும்பியதும் அந்த ஆக்சில் முழுவதுமே பயனற்றுப் போகிறது. இப்படி வெறுமனே சுழலும் சக்கரத்தை பிரேக் பிடித்து, மறுபக்கத்துக்குச் சக்தியைத் திருப்பும் மின்னணு ஏற்பாடு ஜிம்னியில் இருக்கிறது. அது நல்ல உதவிதான், என்றாலும் நான்கு சக்கரமும் தரையில் பதிந்திருப்பதற்கு ஈடாகாது.

இரண்டு வண்டிகளின் அமைப்பும் வேறு வேறு. 1985-இன் இறுதியில் வந்து 2019 வரை விற்ற ஜிப்சியில் முன்னும் பின்னும் முழு ஆக்சில், அதாவது இரு சக்கரங்களையும் சேர்த்துப் பிடிக்கும் ஒரே இரும்புக் குழாய். நான்கு மூலையிலும் லீஃப் ஸ்பிரிங், அதாவது கமான் பட்டைகள். 2023 ஜூனில் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஐந்து கதவு ஜிம்னியிலும் இரண்டு ஆக்சிலும் முழு ஆக்சில்கள்தாம். ஆனால் அவை காயில் ஸ்பிரிங்கின் மேல் நிற்கின்றன. ஆக்சிலை முன்பின் நகராமல் பிடிப்பவை இரண்டு கைகள். பக்கவாட்டில் நகராமல் பிடிப்பது குறுக்கே போகும் பான்ஹார்ட் ராடு.

ஜிம்னியின் கைகளைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். ஒவ்வொரு கையும் சேசிஸில் ஒரு புஷ்ஷின் வழியாகவும், ஆக்சிலில் முன்னும் பின்னுமாக அமைந்த இரண்டு புஷ்களின் வழியாகவும் மாட்டப்பட்டிருக்கிறது. ஆக்சிலில் இரண்டு இடத்தில் பிடித்திருப்பதால், கை சேசிஸ் முனையை மையமாகக் கொண்டு மேலே போகும்போது ஆக்சில் குழாயையும் தன்னோடு சேர்த்துத் திருப்பப் பார்க்கும். இடப்பக்கக் கை மேலேயும் வலப்பக்கக் கை கீழேயும் போனால் இரண்டும் ஆக்சிலை எதிரெதிர்த் திசையில் திருப்ப முயல்கின்றன. இரும்புக் குழாய் அப்படி முறுக்கிக்கொள்ளாது. எனவே அந்த முரண்பாடு முழுவதையும் உள்வாங்கிக்கொள்ள வேண்டியவை ஆக்சில் முனையில் உள்ள நான்கு ரப்பர் புஷ்கள்தாம். அவை நசுங்கிக் கொடுக்கும் அளவே அந்த ஆக்சிலின் ஃப்ளெக்ஸ். இதைப் புரிந்துகொண்டவர், எந்த புஷ்ஷை எந்தப் பொருளில் வாங்க வேண்டும் என்ற கேள்விக்குப் பாதி விடை கண்டுவிட்டார்.

முதலில் அளந்து பாருங்கள்

மாற்றம் செய்வதற்கு முன் வண்டி எவ்வளவு சாய்கிறது என்று அளந்து குறித்துவைக்காவிட்டால், செலவழித்த பிறகு மிஞ்சுவது வெறும் அபிப்பிராயம்தான். ஆஃப்-ரோடு வட்டாரத்தில் வழக்கமாகப் பின்பற்றும் முறை, 20 டிகிரி சரிவுள்ள ராம்பில் ஒரு முன்சக்கரத்தை மட்டும் மெதுவாக ஏற்றி, வேறொரு சக்கரம் தரையை விட்டு எழும்பத் தொடங்கும் கணத்தில் நிறுத்தி, ராம்பின் சரிவு வழியே சக்கரம் ஏறியுள்ள தூரத்தை அளப்பது. அந்தத் தூரத்தை வீல்பேஸால் (முன், பின் சக்கர மையங்களுக்கு இடையிலான தூரம்) வகுத்து 1000-ஆல் பெருக்கினால் ஒரு குறியீட்டு எண் கிடைக்கும். ஜிப்சியின் வீல்பேஸ் 2375 மி.மீ. சக்கரம் 1200 மி.மீ. ஏறிய பிறகு மற்றொன்று எழும்பினால் எண் ஏறக்குறைய 505. ஐந்து கதவு ஜிம்னியின் வீல்பேஸ் 2590 மி.மீ. என்பதால் அதே 1200-க்கு எண் 463 ஆகக் குறையும். ஆகவே அடுத்தவர் வண்டியோடு ஒப்பிடும்போது தூரத்தை அல்ல, எண்ணையே ஒப்பிட வேண்டும்.

ராம்ப் இல்லாதவர்கள் பீன்யா போன்ற தொழிற்பேட்டையில் தெரிந்தவர் யாரிடமாவது ஃபோர்க்லிஃப்ட் இருந்தால், முன்சக்கரத்தின் கீழ் ஃபோர்க்கைக் கொடுத்து மெதுவாகத் தூக்கி, வேறு சக்கரம் எழும்பும்போது உள்ள உயரத்தை அளக்கலாம். எந்த முறையானாலும் டயரின் காற்றழுத்தம், எரிபொருள் அளவு, உள்ளே இருக்கும் சாமான்கள் ஆகியவை இரண்டு முறையும் ஒன்றாக இருக்கட்டும். வண்டி சாய்ந்து நிற்கும்போது தாழ்ந்த பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது.

தடை எங்கே என்று காண இன்னும் தெளிவான வழி ஒன்று உண்டு. காயில் ஸ்பிரிங் வண்டியில் சேசிஸை உறுதியான ஜாக் ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்தி, சக்கரம், ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் மூன்றையும் கழற்றிவிட்டு, ஆக்சிலின் ஒரு முனையை மட்டும் ஜாக்கியால் ஏற்றி இறக்கிப் பாருங்கள். ஸ்பிரிங்கின் எதிர்ப்பு இல்லாததால், எந்த இடத்தில் புஷ் திமிறுகிறது, எங்கே பிரேக் ஹோஸ் இழுபடுகிறது, எங்கே வண்டியின் சாய்வைக் கட்டுப்படுத்தும் ஸ்டெபிலைசர் பார் தடுக்கிறது என்பது கண்ணெதிரே தெரிந்துவிடும். அரை நாள் பிடிக்கும் வேலை. ஆனால் தேவையில்லாத சாமான் வாங்குவதிலிருந்து காப்பாற்றும் வேலை.

புஷ்ஷின் நிலையைப் பார்ப்பது

சாதாரண ரப்பர் புஷ்ஷில் மூன்று பகுதிகள் உண்டு: கையின் கண்ணுக்குள் (முனையிலுள்ள வளையத்துக்குள்) இறுக்கமாக அமர்ந்திருக்கும் வெளி ஸ்லீவ், போல்ட் நுழையும் உள் ஸ்லீவ், இவ்விரண்டோடும் ஒட்டி வார்க்கப்பட்ட ரப்பர். உள் ஸ்லீவ் ரப்பரின் நடுமையத்திலிருந்து ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தாலோ, ரப்பரின் விளிம்பில் நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு இருந்தாலோ, ஸ்லீவுக்கும் ரப்பருக்கும் நடுவில் இடைவெளி தெரிந்தாலோ அந்த புஷ்ஷுக்கு ஆயுள் முடிந்தது. கழுவிய வண்டியில் இது தெரியாமல் போகலாம். செம்மண் தடத்தில் ஓடிய பிறகு கழுவாமல் பார்த்தால், தளர்ந்த இணைப்பைச் சுற்றி மட்டும் மண் உதிர்ந்து, போல்ட்டின் தலையை ஒட்டி மெல்லிய துருத் தூள் ஒரு வளையமாகப் படிந்திருப்பதைக் காணலாம். இரும்பும் இரும்பும் உரசுகின்றன என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை.

கடப்பாரையைக் கைக்கும் பிராக்கெட்டுக்கும் இடையில் கொடுத்து மெதுவாக நெம்பிப் பாருங்கள். ரப்பர் சற்றே கொடுத்துத் திரும்ப வேண்டும், டக்கென்று ஆடக் கூடாது. பான்ஹார்ட் ராடுக்கு இன்னொரு சோதனை: இன்ஜினை ஓடவிட்டு ஒருவர் ஸ்டீயரிங்கை இடவலமாகச் சிறிதளவு வேகமாக அசைக்க, மற்றொருவர் வெளியே நின்று ராடின் இரு முனைகளையும் கவனிக்க வேண்டும். அங்கே தெரியும் சிறு ஆட்டம்தான், பள்ளத்தில் விழுந்து எழுந்தவுடன் ஸ்டீயரிங் நிற்காமல் நடுங்கும் அந்தத் தொல்லைக்குப் பெரும்பாலும் தொடக்கம். முன்சக்கரம் திரும்பும் அச்சிலுள்ள கிங்பின் பேரிங்கும், சக்கரங்களை ஸ்டீயரிங்கோடு இணைக்கும் டை ராடு முனைகளும் தேய்ந்திருந்தாலும் இதே நடுக்கம் வரும் என்பதால், அதிர்வை அடக்கும் ஸ்டீயரிங் டாம்பரை மட்டும் மாற்றி நடுக்கத்தை மறைப்பது சரியான வைத்தியம் அல்ல.

ரப்பரா, பாலியூரித்தேனா

பளிச்சென்ற நிறத்தில் வரும் பாலியூரித்தேன் புஷ்கள் மீது பலருக்கும் ஒரு கவர்ச்சி. அவை எண்ணெய்க்கும் வெயிலுக்கும் எளிதில் இளகாதவை. சாலையில் வண்டியை இறுக்கமாக ஓடச் செய்பவை. ரப்பர் புஷ்கள் பெரும்பாலும் ஷோர் ஏ அளவில் 50 முதல் 70 வரையிலும், பாலியூரித்தேன் புஷ்கள் 80 முதல் 95 வரையிலும் கடினத்தன்மை உள்ளவை. ஜிம்னியின் கைகள் ஆக்சிலை முறுக்கப் பார்க்கின்றன என்றும் அதை உள்வாங்குவது ஆக்சில் முனையின் ரப்பர்தான் என்றும் மேலே சொன்னதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் கடினமான புஷ்ஷைப் போட்டால் ஃப்ளெக்ஸ் குறையுமே தவிர அதிகரிக்காது. நசுங்க மறுத்த விசை பிராக்கெட்டின் வெல்டிங் மீதும் போல்ட் துளை மீதும் போய்ச் சேரும். பாறைத் தடத்துக்குப் போகும் ஜிம்னியில் ஆக்சில் முனைக்குக் கம்பெனி ரப்பர் புஷ்தான் சரி என்பது என் உறுதியான கருத்து. பான்ஹார்ட் ராடில் பாலியூரித்தேன் போடலாம். அங்கே நாம் விரும்புவது ஆட்டமின்மை. கமான் பட்டையின் கண்ணிலும், பட்டையின் ஒரு முனையைச் சேசிஸோடு இணைத்து ஊசலாடும் ஷாக்கிளிலும் போடலாம். அங்கே அசைவு பெரும்பாலும் ஒரே அச்சைச் சுற்றியது.

இன்னொரு வேறுபாடும் முக்கியம். ரப்பர் புஷ்ஷில் எதுவும் எதன் மீதும் வழுக்குவதில்லை. ரப்பரே முறுக்கிக்கொண்டு திரும்புகிறது. பாலியூரித்தேன் புஷ்ஷில் உள் ஸ்லீவ் அந்தப் பொருளுக்குள் சுழல்கிறது. எனவே அதற்கு கிரீஸ் தேவை. புஷ்ஷோடு கொடுக்கப்படும் பிசுபிசுப்பான சிலிக்கான் கிரீஸையே போட வேண்டும், நீரிலும் சேற்றிலும் இறங்கும் வண்டியென்றால் ஆண்டுக்கொரு முறையாவது பிரித்துப் புதிதாகப் பூச வேண்டும். ரப்பருக்கோ கிரீஸும் எண்ணெயும் எதிரி. பெட்ரோலிய கிரீஸ் பட்ட ரப்பர் ஊதி மென்மையாகிவிடும்.

வாங்கும்போது

ஜே.சி. ரோடு உதிரிபாகக் கடைகளில் கேட்டவுடன் மூன்று விலையில் மூன்று புஷ் எடுத்து மேஜைமேல் வைப்பார்கள். வண்டியின் சேசிஸ் எண்ணைக் கொண்டு பார்ட் நம்பரை முன்பே தெரிந்துகொண்டு போனால் பேச்சு சுருக்கமாக முடியும். பெட்டியை மட்டும் பார்த்து நம்பாமல் புஷ்ஷைக் கையில் வாங்கிப் பாருங்கள். வார்ப்பின் ஓரத்தில் பிசிறு நீட்டிக்கொண்டிருப்பது, ரப்பர் ஸ்லீவோடு முழுச் சுற்றும் ஒட்டாமல் ஓரிடத்தில் பிரிந்திருப்பது, இடத்துக்கும் வலத்துக்கும் வாங்கிய இரண்டில் உள் ஸ்லீவின் நீளம் மாறுபடுவது ஆகியவை திருப்பிக் கொடுக்க வேண்டியவற்றின் அடையாளங்கள். ஒரு வெர்னியர் காலிபரைக் கொண்டுபோய், பழைய புஷ்ஷின் வெளி விட்டத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. மில்லிமீட்டரில் பத்தில் சில பங்கு குறைந்தாலே அது கண்ணுக்குள் தளர்ந்து நகரும். புஷ்களோடு புதிய நட்டுகளையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

கழற்றுவது

சமதளத்தில் நிறுத்தி, தூக்காத ஆக்சிலின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, சேசிஸை ஜாக் ஸ்டாண்டில் நிறுத்திய பிறகுதான் அடியில் செல்ல வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு நிமிடம்கூட உள்ளே தலை நீட்டக் கூடாது. ஆக்சிலின் பாரத்தைத் தாங்க இன்னொரு ஜாக்கி வேண்டும். போல்ட்டை உருவும்போது ஆக்சில் சுழன்று விழாமல் பிடித்துக்கொள்வது அதுதான்.

போல்ட்டுகள் எல்லாவற்றுக்கும் முந்தின நாள் இரவே ஊடுருவும் எண்ணெயை அடித்து ஊறவிடுங்கள். பெங்களூரு வண்டிகளில் துரு அவ்வளவு தொல்லை தராது. சென்னையிலோ புதுச்சேரியிலோ ஓடி இங்கே கை மாறிய ஜிப்சிகளின் கதை வேறு. கடல்காற்றில் போல்ட்டும் உள் ஸ்லீவும் ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு, நட்டு கழன்ற பிறகும் போல்ட் வெளியே வராது. ஸ்பேனரைத் திருப்பினால் போல்ட்டோடு ஸ்லீவும் சேர்ந்து திரும்பி, ரப்பர் முறுக்கி மறுபடி பின்னுக்கு இழுக்கும். அப்படி நேர்ந்தால் அடித்துப் பார்த்துக்கொண்டிருக்காமல், புஷ்ஷுக்கும் பிராக்கெட்டுக்கும் இடையில் இருபக்கமும் ஆக்ஸா பிளேடையோ ரெசிப்ரோகேட்டிங் ரம்பத்தையோ நுழைத்து போல்ட்டை அறுத்துவிடுவதே நல்லது. புதிய போல்ட்டும் புதிய புஷ்ஷும் எப்படியும் வரப்போகின்றன. காப்பாற்ற வேண்டியது பிராக்கெட்டை மட்டுமே.

ஒரே நேரத்தில் இரண்டு கைகளையும் கழற்றாதீர்கள். ஒரு கையை முடித்து மாட்டிய பிறகு அடுத்ததற்குப் போனால் ஆக்சில் தன் இடத்திலேயே இருக்கும். மாட்டும்போது துளை சில மில்லிமீட்டர் விலகி நின்றால், ராட்செட் பட்டையை ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் கட்டி மெல்ல இழுத்துச் சேர்க்கலாம். துளைக்குள் விரலை விட்டுப் பார்க்கும் பழக்கம் மட்டும் வேண்டாம்.

கையைக் கழற்றியதும் பழைய புஷ்ஷைப் பிதுக்குவதற்கு முன், அது எந்தத் திசையில் அமர்ந்திருக்கிறது என்பதை வெள்ளை பெயின்ட்டால் கையின் மீது கோடிட்டுக் குறியுங்கள். சில புஷ்களின் ரப்பரில் வேண்டுமென்றே வெற்றிடங்கள் விட்டிருப்பார்கள்; அந்த வெற்றிடம் இருக்கும் திசையில் புஷ் மென்மையாகவும், அதற்குக் குறுக்கான திசையில் கடினமாகவும் இருக்கும். அதைத் திருப்பிப் போட்டுவிட்டால் புதிய புஷ்ஷும் பழையதைவிட மோசமாக நடந்துகொள்ளும்.

பழைய புஷ்ஷை எரித்து எடுப்பது பட்டறைகளில் சாதாரணமாக நடக்கிறது. ரப்பர் எரியும் புகை நுரையீரலுக்குக் கேடு. கையின் கண் சூடேறி பெயின்ட் உரிந்து, அடுத்த மழையிலேயே துருப்பிடிக்கும். அருகிலுள்ள லேத் பட்டறையில் ஹைட்ராலிக் பிரஸ் இருந்தால் கையைக் கொண்டுபோய்க் கொடுத்து, வெளி ஸ்லீவைவிடச் சற்றுச் சிறிய விட்டமுள்ள குழாய்த் துண்டை மேலே வைத்து அழுத்தச் சொல்லுங்கள். கீழே அதைவிடப் பெரிய குழாய் தாங்கி நிற்க வேண்டும். பிரஸ் கிடைக்காவிட்டால் தடித்த மரைக்கம்பி, இரண்டு நட்டு, பொருத்தமான சாக்கெட், குழாய்த் துண்டு ஆகியவற்றைக் கொண்டு மெதுவாக இழுத்து எடுக்கலாம். அதற்கும் அசையாத ஸ்லீவை உட்புறமிருந்து ஆக்ஸா பிளேடால் நீளவாக்கில் அறுத்து உள்நோக்கி மடக்கினால் விட்டுக்கொடுக்கும். பிளேடு கையின் இரும்பைத் தொடுவதற்கு முன் நிறுத்த வேண்டும்; கண்ணின் உட்புறத்தில் விழும் ஒரு கீறல் பின்னாளில் வெடிப்பாக வளரக்கூடும்.

பொருத்துவதும் இறுக்குவதும்

கண்ணின் உட்பரப்பைத் துருவில்லாமல் நைஸ் எமரித் தாளால் துடைத்து, புதிய புஷ்ஷைச் சில மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் இரும்பு ஸ்லீவ் மிகச் சிறிதளவு சுருங்கி எளிதாக நுழையும். வழுக்குவதற்கு ஏதாவது வேண்டுமென்றால் சோப்புத் தண்ணீர் போதும். அழுத்தம் எப்போதும் வெளி ஸ்லீவின் விளிம்பில்தான் விழ வேண்டும். ரப்பரையோ உள் ஸ்லீவையோ அழுத்தினால் வண்டியில் ஏறுவதற்கு முன்பே புஷ் கிழிந்துவிடும். நேராக நுழைகிறதா என்று முதல் சில மில்லிமீட்டரிலேயே நிறுத்திப் பார்ப்பது நல்லது. பிறகு போல்ட்டின் மழமழப்பான தண்டில் ஆன்டி-சீஸ் பசையை மெல்லியதாகப் பூசுங்கள். மரையில் பூசினால் டார்க் ரெஞ்ச் காட்டும் அளவுக்கும் உண்மையான இறுக்கத்துக்கும் பொருத்தம் இருக்காது.

இனிச் சொல்லப்போவது இந்த வேலையிலேயே மிக முக்கியமானது, பட்டறைகளில் மிக அதிகமாகத் தவறுவதும் இதுவே. நட்டை முழுவதும் இறுக்கியவுடன் உள் ஸ்லீவ் பிராக்கெட்டோடு ஒன்றாகிவிடுகிறது. அந்தக் கணத்தில் கை எந்தக் கோணத்தில் இருக்கிறதோ அதுவே ரப்பருக்கு ஓய்வு நிலை. வண்டி ஸ்டாண்டில் நின்று ஆக்சில் தொங்கிக்கொண்டிருக்கும்போது இறுக்கினால், தொங்கும் நிலையே ரப்பரின் ஓய்வு நிலையாகிவிடும். வண்டியைத் தரையில் இறக்கியதும் எல்லா புஷ்களும் பிழிந்த துணியைப் போல முறுக்கிய நிலையிலேயே நாள் முழுவதும் நிற்கும். பாறையில் ஏறும் சக்கரம் மேலே போகும்போது அந்த முறுக்கு இன்னும் கூடி, ரப்பர் தாங்க வேண்டிய எல்லையைச் சீக்கிரமே தொட்டுவிடும். மேல்நோக்கிய அசைவில் புஷ்கள் கூடுதல் ஸ்பிரிங் போல எதிர்க்கும். புதிய புஷ் போட்ட பிறகு வண்டி முன்னைவிட விறைப்பாக இருக்கிறது, சில மாதத்திலேயே ரப்பர் கிழிந்துவிட்டது என்று சொல்பவர்களின் வண்டியில் நடந்தது பெரும்பாலும் இதுவே.

ஆகவே வேலையைப் பட்டறையில் கொடுத்தாலும், பக்கத்தில் நின்று, "அண்ணா, இப்போதைக்கு நட்டு எல்லாவற்றையும் கையால் மட்டும் பிடித்து விடுங்கள், வண்டியை இறக்கிய பிறகு இறுக்கிக்கொள்ளலாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சக்கரங்களை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, பத்தடி முன்னும் பின்னுமாக உருட்டி, நான்கு மூலையையும் கையால் அழுத்திக் குலுக்கி, அது தன் இயல்பான உயரத்துக்கு வந்த பிறகு, சர்வீஸ் மேனுவலில் ஒவ்வொரு போல்ட்டுக்கும் தனித்தனியாகக் கொடுத்திருக்கும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். அடியில் படுத்து வேலை செய்ய இடம் போதாவிட்டால், சர்வீஸ் பிட் உள்ள பட்டறைக்குக் கொண்டுபோங்கள். பிட் இல்லையென்றால், சக்கரங்களை மாட்டியபடியே நான்கையும் ஒரே உயரமான உறுதியான ராம்புகளின் மேல் நிறுத்தலாம். பாரம் சக்கரத்தில் இருப்பதுதான் தேவை. லிஃப்ட் கிட் போட்ட வண்டியில் புதிய உயரத்தில் நிறுத்தி எல்லா நட்டையும் தளர்த்தி மறுபடி இறுக்க வேண்டும் என்பதும் இதன் தொடர்ச்சியே. பாலியூரித்தேன் புஷ்ஷில் உள் ஸ்லீவ் சுழலும் என்பதால் இந்தக் கட்டுப்பாடு அவ்வளவு கடுமையானதல்ல. ஆனாலும் இதே முறையைப் பின்பற்றுவதால் இழப்பொன்றும் இல்லை.

ஜிப்சியின் கமான் பட்டைகள்

ஜிப்சியில் தடை வேறு இடங்களில் ஒளிந்திருக்கும். கமான் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கித்தான் வளைகின்றன. ஆண்டுக்கணக்கில் சேறும் துருவும் இடையில் அடைத்துக்கொண்டால் பட்டைகள் தனித்தனியாக அசைவதை விட்டுவிட்டு ஒரே கட்டையாகிவிடும். பட்டையடுக்கைக் கழற்றி, பிரித்து, ஒவ்வொன்றையும் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து, கிராஃபைட் கலந்த கிரீஸ் பூசியோ, பட்டைகளுக்கு இடையில் வைக்கும் வழுக்குத் தகடுகளைச் சேர்த்தோ மறுபடி கோத்தாலே, செலவு அதிகமில்லாமல் வேறுபாடு தெரியும். பிரிக்கும் முன் ஒரு எச்சரிக்கை: சென்டர் போல்ட்டைக் கழற்றுவதற்கு முன் இருபக்கமும் வலுவான சி-கிளாம்பால் அடுக்கை இறுக்கிக்கொள்ளுங்கள். போல்ட் அகன்றதும் பட்டைகள் விசையோடு விரியும். முகத்துக்கு நேரே வைத்துக் கழற்றக் கூடாது. விரிசல் விட்ட பட்டையை வெல்டிங் வைத்துப் பயன்படுத்துவது ஆபத்து. வெப்பத்தில் ஸ்பிரிங் எஃகின் பதம் போய்விடும்.

பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப்புகள் நசுக்கி அடிக்கப்பட்டிருந்தால் அதுவும் தடையே. பட்டை வழுக்கச் சிறு இடைவெளி வேண்டும். ஒரு பட்டையை எடுத்துவிட்டால் மென்மையாகும் என்று சிலர் செய்வதுண்டு. அது பாரம் தாங்கும் திறனையும் சேர்த்தே எடுத்துவிடும்; ஆக்சில் ஸ்பிரிங்குக்குள் முறுக்கிக்கொள்வதும் கூடும். முழுக் குடும்பமும் சாமானுமாக ஊருக்குப் போகும் வண்டியில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஷாக்கிள்களைக் கையால் தள்ளிப் பாருங்கள். ஷாக்கிள் போல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கியிருந்தாலும், புஷ் ஊதியிருந்தாலும் ஷாக்கிள் ஊசலாடாது. அது ஊசலாடாவிட்டால் பட்டை நீள இடமில்லாமல் வளைய மறுக்கும். வண்டி சமதளத்தில் நிற்கும்போது ஷாக்கிள் செங்குத்தாக இல்லாமல், பட்டையின் நிலையான முனைக்கு எதிர்ப்பக்கம் சற்றுச் சாய்ந்திருக்க வேண்டும். உள்நோக்கிச் சாய்ந்திருந்தால் சக்கரம் முழுவதும் இறங்கி ஏறும்போது ஷாக்கிள் புரண்டு சிக்கிக்கொள்ளும். நீளமான ஷாக்கிள் போட்டால் இறங்கும் தூரம் கிடைக்கும். கூடவே முன் ஆக்சிலின் காஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு) மாறி, ஸ்டீயரிங் தானாக நேராகத் திரும்பும் குணம் குறையலாம். பட்டைகளை ஆக்சிலோடு பிணைக்கும் யூ-போல்ட்டுகளைக் கழற்றிய பின் மறுபடி பயன்படுத்தாமல் புதியவற்றைப் போட்டு, குறுக்குவாட்டில் மாற்றி மாற்றி இறுக்குங்கள்.

மற்றத் தடைகள்

ஜிம்னியின் முன்பக்க ஸ்டெபிலைசர் பாரின் வேலையே இரண்டு சக்கரங்களும் எதிரெதிராக அசைவதைத் தடுப்பது. தடத்தில் இறங்கும் முன் அதன் லிங்குகளைக் கழற்றிக் கட்டிவைத்தால், ஒரு ரூபாய் செலவில்லாமல் முன் ஆக்சிலுக்கு விடுதலை கிடைக்கும். எளிதாகக் கழற்றும் லிங்குகளும் கிடைக்கின்றன. தார்ச் சாலைக்குத் திரும்பும் முன் அவற்றை மாட்டியே தீர வேண்டும்; மைசூரு நெடுஞ்சாலை வேகத்தில் திடீரெனத் தடம் மாற்ற நேர்ந்தால், அது இல்லாத வண்டி ஆபத்தாகச் சாயும்.

ஷாக் அப்சார்பரின் நீளமே சக்கரம் இறங்கும் எல்லையை முடிவு செய்யலாம். ஷாக்கைக் கழற்றிய நிலையில் ஆக்சில் இறங்கும் தூரத்தையும், மாட்டிய நிலையில் இறங்கும் தூரத்தையும் ஒப்பிட்டால் தெரிந்துவிடும். நீளமான ஷாக் வாங்கும்போது விரிந்த நீளத்தை மட்டும் பார்த்தால் போதாது. ஷாக் முழுவதும் மடங்குவதற்கு முன் பம்ப் ஸ்டாப் (ஆக்சில் மேலேறும் எல்லையில் உள்ள ரப்பர் தடுப்பு) தொட வேண்டும், இல்லாவிட்டால் முதல் பள்ளத்திலேயே ஷாக் உள்ளே உடையும். கூடுதலாக இறங்கும் ஆக்சிலோடு பிரேக் ஹோஸ், ஏ.பி.எஸ். வயர், டிஃபரென்ஷியலின் காற்றுக் குழாய் ஆகியவையும் இறங்க வேண்டும். முழுவதும் இறங்கிய நிலையில் ஸ்டீயரிங்கை இரு எல்லைக்கும் திருப்பி, பிரேக் ஹோஸ் தளர்வாக இருக்கிறதா என்று பார்க்காமல் வண்டியை எடுக்கக் கூடாது. காயில் ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டுக் கழன்று விழாமலும், புரொப்பெல்லர் ஷாஃப்டின் நீளம் கூடிக் குறைய இடம் தரும் ஸ்லிப் ஜாயின்ட் முழுவதும் பிரியாமலும் இருக்கிறதா என்பதையும் அதே நேரத்தில் பார்த்துவிடலாம்.

2020-க்குப் பிந்தைய மஹிந்திரா தார் வைத்திருப்பவர்களுக்கு முன்பக்கம் தனித்தனிச் சக்கர அமைப்பு. அங்கே அசைவின் எல்லையைக் கைகளின் நீளமும் டிரைவ் ஷாஃப்ட் மூட்டுகளின் கோணமும் வகுத்துவிடுகின்றன. புஷ்களை நல்ல நிலையில் வைத்து, பின் ஆக்சிலின் மல்டிலிங்க் புஷ்களுக்கு மேலே சொன்ன இறுக்கும் முறையைப் பின்பற்றுவதே பலன் தரும்.

தேய்ந்த புஷ்ஷுக்குப் புதியது போடுவது வெறும் பராமரிப்பு. ஆனால் பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களோடும் தயாரிப்பாளரின் அசல் அமைப்போடும் முரண்படும் மாற்றங்களை மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. உயரத்தைக் கூட்டவும் பெரிய டயர் போடவும் நினைப்பவர்கள் ஆர்.டி.ஓ.விடமும் காப்பீட்டு நிறுவனத்திடமும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு செலவு செய்யட்டும்.

முடித்த பிறகு

புஷ் மாற்றியவுடன் வீல் அலைன்மென்ட்டில் டோ அளவை (சக்கரங்களின் முன்முனை உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவை) சரிபார்க்க வேண்டும். முன் ஆக்சிலின் காஸ்டர் குறைந்திருந்தால், ஜிம்னியில் துளை மையம் விலகிய காஸ்டர் புஷ்களைப் போட்டே சரிசெய்ய முடியும். லிஃப்ட் இல்லாத வண்டிக்கு அவை தேவைப்படாது. முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் பிறகு எல்லா நட்டுகளையும், ஜிப்சியில் குறிப்பாக யூ-போல்ட்டுகளையும், மீண்டும் டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்க்க வேண்டும். நட்டின் மீதும் பிராக்கெட்டின் மீதும் சேர்த்து ஒரே கோடாக பெயின்ட் தீட்டிவைத்தால், நட்டு நகர்ந்ததா என்பது குனிந்து பார்த்த மாத்திரத்தில் தெரியும்.

அதன் பிறகு அதே ராம்பில், அதே காற்றழுத்தத்தோடு மறுபடி ஏற்றி அளந்து, முதல் எண்ணோடு ஒப்பிடுங்கள். எண் கூடியிருந்து, சக்கரம் முன்னைவிடத் தாமதமாக எழும்பினால் தடை புஷ்ஷிலும் பட்டையிலும்தான் இருந்திருக்கிறது. லிஃப்ட் கிட்டுக்கு ஒதுக்கிய பணத்தை நல்ல டயருக்குத் திருப்பிவிடலாம். எண் அசையாமல் நின்றால், எழும்பிய சக்கரத்தின் ஷாக் அப்சார்பர் முழுவதும் விரிந்து நிற்கிறதா என்று பாருங்கள். விரிந்திருந்தால் அடுத்து மாற்ற வேண்டியது அதுதான்.